போக 10 மணி நேரம், திரும்ப 12 மணி நேரமா?

கேள்வி: டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக 10 மணி நேரம், திரும்பி வர கிட்டத்தட்ட 12 மணி நேரம் என்று என் டிக்கெட்டில் இருக்கிறது. தூரம் ஒன்றுதானே? அதுவும் ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே திங்கள் காலை 10 மணிக்கு இறங்குவேனாம். அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. விமானங்களுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வேலைக்குள் நுழைந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்குக் காற்று எப்படி?" என்பதுதான்.

முதலில் தூரம். சுமார் 8,750 கிலோமீட்டர். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால், தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போடத் தோன்றும். அந்தக் கோட்டிலேயே பறந்தால் 450 கிலோமீட்டருக்கு மேல் கூடிவிடும். பூமி உருண்டை ஒன்றில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வடக்கே வளைந்து, அலாஸ்காவிலிருந்து மேற்கே நீளும் அலூஷியன் தீவுகளுக்குக் கொஞ்சம் தெற்கே போகும். அதுதான் குறுகிய வழி.

இனி காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது நீங்கள் போகும் திசையில், ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று ஆறுபோல ஓடுகிறது. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 1920களிலேயே பலூன் விட்டு இதை அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும். 1952-இல் பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் ஒன்று இந்தக் காற்றில் ஏறிக்கொண்டு, டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணி நேரத்தில் முடித்தது.

உங்கள் கணக்குக்கு வருவோம். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், வழி நெடுகச் சராசரிக் காற்று 100 என்று வையுங்கள். போகும்போது 1,000, எட்டே முக்கால் மணி நேரம். திரும்பும்போது 800, பதினொரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் தனி. டிக்கெட்டில் இருப்பது கிளம்பும் வாசலிலிருந்து சேரும் வாசல் வரையான நேரம்.

திரும்பி வரும் வழிதான் எங்களுக்குச் சவால். எதிர்க்காற்றின் நடுவே போய் முட்டாமல், பல நாட்கள் அலாஸ்கா பக்கமாக வடக்கே ஒதுக்கி அனுப்புவோம். கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும், எரிபொருளும் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

சரி, அந்தத் திங்கட்கிழமை. குளிர்காலத்தில் டோக்கியோ 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நீங்கள் கிளம்பும் மாலை 5 மணி, லாஸ் ஏஞ்சலஸில் திங்கள் பிறக்கும் நள்ளிரவு. அதோடு 10 மணி நேரம் சேர்த்தால் காலை 10. உங்களை அழைத்துப்போக வருகிறவர்களிடம் இந்த உள்ளூர் நேரத்தையே சொல்லுங்கள். திரும்பும்போது மட்டும் தேதி ஒரு நாள் தள்ளிப் போகும், அதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.