முதலாண்டில் பாடம் தேர்ந்தெடுப்பது: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்குக் கேள்வி பதில்

இரண்டு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. இங்கே சொல்வது 2023-24 முதல் நடப்பிலிருக்கும் மூன்றாண்டு இளநிலைப் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் தரும் விதிப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அரூரிலிருந்து: பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டரில் எதையெல்லாம் நானே தேர்வு செய்யலாம், சார்?

ரொம்பக் கொஞ்சம்தான். வாரம் 30 மணி நேரம்: தமிழ் 6, ஆங்கிலம் 6, மேஜர் (உன் துறையின் முதன்மைப் பாடம்) தாள் இரண்டுக்கும் தலா 5, எலெக்டிவ் (மேஜருக்குத் துணைப் பாடம்) 4, என்.எம்.இ. (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்) 2, அடிப்படைப் பாடம் 2. கிரெடிட், அதாவது ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடை, இதே வரிசையில் 3, 3, 5, 5, 3, 2, 2. கூட்டினால் 23. இரண்டாவது செமஸ்டரிலும் 23. ஆறு செமஸ்டரும் சேர்ந்து 140 வந்தால்தான் பட்டம்.

இதில் உன் கையில் இருப்பது பார்ட் ஒன் மொழியும் (மேலே தமிழ் என்று சொன்ன இடம்) என்.எம்.இ. தாளும்தான். எலெக்டிவ் என்பது பழைய ஆட்கள் ‘அலைடு’ என்று சொல்வது. அதைப் பெரும்பாலும் துறையே முடிவு செய்துவிடும். சேருவதற்கு முன்பே “உங்க டிபார்ட்மென்ட்ல அலைடு என்ன?” என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். உயிரியல் குழுவில் கணக்கில்லாமல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வேதியியலில் சேர்ந்து, அலைடு கணிதம் என்று டைம்டேபிளில் பார்த்த பிறகு திண்டாடுகிறார்கள்.

ஓசூரிலிருந்து: மகள் பிளஸ் டூ வரை தெலுங்குதான் படித்தாள். கல்லூரியில் தமிழ் கட்டாயமா?

பார்ட் ஒன்னில் தமிழ்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று வேறு மொழியும் எடுக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இருக்கவேண்டும். விண்ணப்பிக்கும்போதே அலுவலகத்தில் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் “தமிழ் இல்லன்னா இந்தி” என்றுகூடப் பதில் வரலாம்.

வேறு மொழி எடுத்தாலும் தமிழ் முழுக்க விட்டுப்போகாது. பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் முதல் இரண்டு செமஸ்டரிலும் என்.எம்.இ.க்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் எழுதவேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் மட்டும் வேறு மொழிக்குப் போனால் அதே இடத்தில் சிறப்புத் தமிழ். இந்தத் தாளை யாரும் சொல்லாமல் விட்டு, மூன்றாம் ஆண்டில் கிரெடிட் எண்ணும்போது நான்கு குறைவது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய சிக்கல். முதல் செமஸ்டர் தேர்வு விண்ணப்பத்திலேயே அந்தத் தாளின் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று யோசியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் இருந்தால் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம். குரூப் 4-ல் அது 150-க்கு 60. அதை எட்டாவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அடிப்படைத் தமிழ் மட்டும் அதற்குப் போதாது, வீட்டில் தனியாகப் படிக்கவேண்டியிருக்கும்.

பாலக்கோட்டிலிருந்து: என்.எம்.இ. எதை எடுத்தால் மார்க் வரும், அண்ணா?

மார்க்கைப் பார்த்து எடுக்கவேண்டாம் தம்பி. என்.எம்.இ. பார்ட் ஃபோரில் வருகிறது. முதுநிலை சேர்க்கையில் பெரும்பாலும் பார்க்கப்படுவது பார்ட் த்ரீ மதிப்பெண், அதாவது மேஜரும் எலெக்டிவும். என்.எம்.இ.யில் 90 வாங்கினாலும் அது அங்கே ஏறாது. தேறாவிட்டால் மட்டும் பட்டம் நிற்கும்.

உன் துறைத் தாளை எடுக்கமுடியாது, வேறு துறையுடையதாக இருக்கவேண்டும். வரலாறு மாணவன் கணினி அடிப்படை எடுத்தால் பயன், பி.காம். மாணவன் போட்டித் தேர்வுக்கான பொது அறிவு எடுத்தால் பயன். ஒவ்வொரு துறையிலும் இடம் குறைவு. பட்டியல் ஒட்டிய அன்றே பெயர் கொடு.

காவேரிப்பட்டணத்திலிருந்து: இன்டர்னலில் (கல்லூரியே போடும் மதிப்பெண்) 25-க்கு 25 வந்தால் பாஸ் உறுதிதானே?

இல்லை. எழுத்துத் தாளில் பல்கலைக்கழகத் தேர்வின் 75-ல் தனியாக 30 வேண்டும், மொத்தத்தில் 40 வேண்டும். இன்டர்னல் 25, தேர்வில் 28 என்றால் கூட்டுத்தொகை 53, ஆனாலும் அரியர்தான். தலைகீழாக, தேர்வில் 30 வாங்கி இன்டர்னல் 8 என்றால் 38, அதுவும் போச்சு. இரண்டாவது வகையில் சிக்குகிறவர்கள் அசைன்மென்ட் கொடுக்காதவர்கள்.

கிரெடிட் கணக்கையும் மறக்காதீர்கள். 5 கிரெடிட் மேஜரில் 80, 3 கிரெடிட் எலெக்டிவில் 60 என்றால் சராசரி 72.5. அதே மதிப்பெண்ணை மாற்றி வாங்கினால் 67.5.

பென்னாகரத்திலிருந்து: முதல் பஸ்ஸில் வந்தாலும் முதல் பீரியடு போய்விடுகிறது. அட்டெண்டன்ஸ் பாதிக்குமா?

பாதிக்கும். 75 சதவீதம் வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடலாம். வருகையை மணிக்கணக்கில் போடுகிற கல்லூரியில் தினம் ஐந்து பீரியடில் ஒன்று போனால் மற்றதெல்லாம் வந்தாலும் 80-தான் நிற்கும், ஒரு காய்ச்சல் வந்தால் கதை முடிந்தது. அதைவிட மோசம், முதல் பீரியடு எப்போதும் ஒரே பாடமாக விழுந்தால் அந்தப் பாடமே புரியாமல் போகும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியானால் மதிய ஷிப்டில் அதே மேஜர் இருக்கிறதா என்று கலந்தாய்வு அன்றே கேளுங்கள். குறைகிற வருகைக்கு மருத்துவச் சான்றும் கட்டணமும் கட்டி அனுமதி வாங்கும் வழி உண்டு, ஆனால் அதற்கும் கீழ்வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் வராது.

ஊத்தங்கரையிலிருந்து: ஆசிரியராகவேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.எஸ்சி. கணிதம் போகலாமா?

சில பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கலாம். ஆனால் அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்கவேண்டும், கூடவே பி.எட். கிராஸ் மேஜர் என்று ஒதுக்கிவிடுவார்கள். கணித ஆசிரியர்தான் ஆசை என்றால் இப்போதே கணிதத் துறையில் காலியிடம் இருக்கிறதா என்று கேட்டு மாறிக்கொள்ளுங்கள். சேர்க்கை முடியும் தேதிக்குள் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாற்றம் கிடைத்த அன்றே நோட்டுப் புத்தகத்தோடு புதிய வகுப்பில் உட்காருங்கள், பழைய வகுப்பில் இருந்த பீரியடுகள் புதிய துறையின் வருகைப் பதிவிலும் சேர்க்கப்படுகிறதா என்று எழுத்தரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.