உருவ கேக்கின் பாரத்தை எது தாங்க வேண்டும்?

கேள்வி: உட்கார்ந்திருக்கும் கரடி வடிவில் ஐந்து அடுக்கு கேக் செய்து, நடுவில் ஒரு மரக்குச்சியைச் செருகினேன். மூன்று மணி நேரத்தில் வயிற்றுப் பகுதி பிதுங்கிவிட்டது. குச்சி மெல்லியதாக இருந்ததுதான் காரணமா?

பதில்: குச்சியின் பருமனில் குறையில்லை. நடுக்குச்சி கேக் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளுமே தவிர, அதன் மேல் எதுவும் உட்காராததால் பாரத்தைத் தாங்காது. மேலடுக்கின் எடை ஓர் அட்டையிலும், அந்த அட்டை கீழடுக்கில் செருகிய குச்சிகளிலும், அக்குச்சிகள் அடிப்பலகையிலும் நிற்க வேண்டும். இந்த வழியில் எங்கேனும் ஸ்பாஞ்சு குறுக்கிட்டால் அங்கேதான் கேக் பிதுங்கும். ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை அட்டை வையுங்கள். கரடியின் இடுப்பைப் போல ஒடுங்கும் இடத்தில், செதுக்கி முடித்த பிறகு இருக்கப்போகும் அளவைவிடச் சற்றுச் சிறியதாகவே அட்டையை முன்கூட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் கத்தி அட்டையில் தட்டும்.

கேள்வி: குச்சிகளை எப்படி அளந்து வெட்டுவது?

பதில்: கேக்கின் மிக உயரமான இடத்தில் ஒரு குச்சியை நேராக இறக்குங்கள். அடி அட்டையில் தட்டுவது விரலுக்குத் தெரியும். கிரீம் மட்டத்தில் நகத்தால் கீறி அடையாளமிட்டு, வெளியே எடுத்து, மற்ற எல்லாக் குச்சிகளையும் அந்த ஒரே அளவுக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக அளந்தால் கேக்கின் மேடுபள்ளம் குச்சிகளுக்கும் வந்துவிடும், 3 மி.மீ. வேறுபாடுகூட மேலே உள்ள கரடியைச் சாய்த்துவிடும். வெட்டிய முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, உலர்த்திய பின்னரே செருகுங்கள். மரச்சிராய் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

கேள்வி: மரத்துக்குப் பதில் ஸ்ட்ரா போதுமா?

பதில்: தடித்த பபுள் டீ ஸ்ட்ரா சிறிய கேக்குக்குப் போதும். காகித ஸ்ட்ரா ஈரத்தில் துவண்டுவிடும்.

கேள்வி: யானையின் தலையும் தும்பிக்கையும் முன்னால் நீண்டிருக்க வேண்டும். எப்படி நிறுத்துவது?

பதில்: அந்தப் பகுதியைக் கேக்கில் செய்யாதீர்கள். உருக்கிய மார்ஷ்மெல்லோவில் அரிசிப் பொரியைக் கலந்து அழுத்திப் பிடித்தால் எடை குறைவான, செதுக்கத்தக்க கட்டி கிடைக்கும். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருப்பதால், சைவ வாடிக்கையாளருக்குச் சைவ வகையையே வாங்குங்கள். அதை நிறுத்த, அடியில் வைக்கும் பிளைவுட் பலகையில் துளையிட்டு, மரை வெட்டிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மேலும் கீழும் வாஷர், நட்டு வைத்து இறுக்குங்கள். அடிநட்டு தரையில் இடிக்காமலிருக்கப் பலகைக்குக் கால்கள் வேண்டும். உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் குழாயைக் கம்பிக்கு உறையாக இட்டு, தலையைத் தாங்கும் அட்டையை மற்றொரு நட்டின் மேல் உட்காரவையுங்கள்.

கேள்வி: சென்னை வெயிலில் பட்டர்கிரீம் இளகுகிறதே?

பதில்: சாக்லேட்டும் கிரீமும் கலந்து செய்யும் பூச்சான கனாஷுக்கு மாறுங்கள். டார்க் சாக்லேட் 2 பங்குக்குக் கிரீம் 1 பங்கு, வெள்ளைச் சாக்லேட்டானால் 3 பங்குக்கு 1 பங்கு. கேக்கைக் குளிர்வித்துக் கெட்டியாக்கிய பிறகே செதுக்குங்கள். கொண்டுசெல்லும்போது மடியில் வைக்காமல், ஏசி போட்டுக் குளிர்ந்த காரின் சமதளத்தில் வையுங்கள்.

கேள்வி: கேக்கை ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

பதில்: எந்த அடுக்கில் எத்தனை குச்சி, எத்தனை அட்டை, கம்பி எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெட்டுபவர் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, கணக்குச் சரியான பிறகே தட்டில் பரிமாற வேண்டும்.