புது வண்டி, இடிக்கும் கியர்பாக்ஸ்: கேள்வி-பதில்

போன முறை, ஆட்டோமேட்டிக் பிக்கப் கியர் மாறும்போது இடிப்பது பற்றி வந்த ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். இந்த முறை பை நிறைய அதே புகார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஷோரூம்காரர்களைத் திட்டியிருந்த வரிகளில் பாதியை எடுத்துவிட்டேன். மீதிப் பாதி நியாயமாகப் பட்டதால் விட்டுவைத்தேன்.

கேள்வி: புது பிக்கப், 600 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. காலையில் எடுத்ததும் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி இருக்கிறது. "கியர்பாக்ஸ் இன்னும் உங்கள் ஓட்டுமுறையைக் கற்றுக்கொண்டிருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்கிறார்கள். இது உண்மையா, சமாளிப்பா?

பதில்: இரண்டும்தான். உள்ளே பல கிளட்சுகள் ஆயில் அழுத்தத்தில் இறுகுகின்றன. கியர் மாறும்போது ஒன்று பிடியை விட வேண்டும், அதே கணத்தில் இன்னொன்று பிடிக்க வேண்டும். பிடிப்பது முந்தினால் இடிக்கும். பிந்தினால் இன்ஜின் சும்மா உறுமும், வண்டி நகராது. உங்கள் வண்டியின் கிளட்சுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அதன் கம்ப்யூட்டருக்கு முதல் நாளே துல்லியமாகத் தெரியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தண்டுகள் சுழலும் வேகத்தை அளந்து, அடுத்த முறை அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்கும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டரில் மாற்றம் தெரிவது நிஜம். காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதும், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டும் என்று கம்ப்யூட்டர் கீழ் கியரை வேண்டுமென்றே நீட்டிப்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கும் ஒரு எல்லை உண்டு. வண்டி நன்றாகச் சூடான பிறகும் இடித்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வாரத்துக்கு வாரம் மோசமானால், அது பாடம் படிக்கவில்லை, நோய்ப்பட்டிருக்கிறது. இதில் முள் எகிறுவதுதான் மோசம், கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இடி உங்கள் முதுகுக்குத் தெரியும்; வழுக்கல் சத்தமில்லாமல் கிளட்சைத் தின்னும்.

ஆயிரம் வரை பொறுங்கள், தவறில்லை. ஆனால் இன்றே போய், இன்றைய கிலோமீட்டரோடு புகாரை ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் தாளில், எழுத வைத்துவிட்டுப் பொறுங்கள். ஆயிரம் இரண்டாயிரமாகும், இரண்டாயிரம் ஐயாயிரமாகும், வாரண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சரிவில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது, பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர்-க்குத் (ரிவர்ஸ்) தள்ளினால் "டங்" என்று பெரிய சத்தம். கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பதில்: இன்னும் இல்லை, ஆனால் நீங்கள் முயன்றுகொண்டிருக்கிறீர்கள். பி-யில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன இரும்புக் கொக்கி. சரிவில் மொத்த எடையும் அதன் மேல் உட்காருகிறது. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காலை மெல்ல எடுத்து வண்டி அதில் உட்காரட்டும், அப்புறம் பி. இது வண்டியோடு தந்த கையேட்டிலேயே இருக்கும். கவர் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் புத்தகம்தான்.

கேள்வி: நான் கட்டட ஒப்பந்தக்காரன். வண்டி வாங்கி ஐந்து மாதம். மெதுவாகப் போய் நிற்கும் நேரத்தில் கியர் கீழிறங்கும்போது குலுக்கி எடுக்கிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டேன். "ஓட்டிப் பார்த்தோம், கோளாறு இல்லை, இந்த மாடல் அப்படித்தான் இருக்கும் சார்" என்று அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த "அப்படித்தான் இருக்கும்" என்ற இரண்டு சொல்லிடம் நானும் தோற்றவன்.

என் முதல் ஆட்டோமேட்டிக் காரும் இப்படித்தான் குலுக்கியது. மூன்று முறை கொண்டுபோனேன். கவுன்டரில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வாரண்டி முடிந்து இரண்டாவது மாதம் கியர்பாக்ஸ் நின்றுபோனது. பழைய ஜாப் கார்டுகளைத் தேடி எடுத்து விரித்துப் பார்த்தேன். மங்கிப்போன கார்பன் நகலில், மூன்றிலும் ஒரே கையெழுத்தில், "பொதுப் பரிசோதனை, வாட்டர் வாஷ்" என்று இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் முடியவில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான்.

அதனால் முதல் கேள்வி, அந்த நான்கு ஜாப் கார்டுகளில் என்ன எழுதியிருக்கிறது? "கியர் பிராப்ளம்" என்று இருந்தால் அது புகாரே இல்லை. இப்படி எழுத வேண்டும்: வண்டி அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாக நிறுத்தும்போது, சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில், பத்துக்கு ஏழு முறை குலுக்கல். எழுத மாட்டேன் என்றால் நீங்களே ஒரு தாளில் எழுதி, தேதியும் ஓடோமீட்டர் கணக்கும் போட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

இரண்டாவது, அவர்கள் தனியாக ஓட்டிப் பார்க்கக் கூடாது. டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் ஓட்டுங்கள். குலுக்கும் இடம் உங்களுக்குத்தான் தெரியும். குளிரில்தான் வருகிறது என்றால் ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள் போடுங்கள். மத்தியானச் சூட்டில் ஒரு தெருவைச் சுற்றிவந்து "ஒன்றுமில்லை" என்பதை ஏற்காதீர்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்த வழி. "இந்த மாடல் அப்படித்தான்" என்றால், அங்கே நிற்கும் அதே மாடலில் இன்னொன்றை உங்களோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே குலுக்கினால் பேச்சு வேறு. குலுக்காவிட்டால், "இது இந்த மாடலின் இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் நூறு முறை சொல்பவர் பேனாவை எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால்தான் மேலாளர் வெளியே வருவார்.

கூடவே, இந்தப் புகாருக்குத் தயாரிப்பாளர் டீலர்களுக்கு ஏதாவது தொழில்நுட்ப அறிவிப்பு அனுப்பியிருக்கிறாரா, கியர்பாக்ஸ் மென்பொருளில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பல குலுக்கல்கள் மென்பொருளிலேயே அடங்கிவிடும். மாற்றினால் பதிப்பு எண்ணையும் ஜாப் கார்டில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் 1982-இல் கனெக்டிகட் மாநிலம், திரும்பத் திரும்பச் சரிசெய்தும் சரியாகாத புது வண்டிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்புறம் எல்லா மாநிலங்களும் தொடர்ந்தன. கோளாறு வண்டியை அங்கே பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள், அதனால் இதற்கு எலுமிச்சைச் சட்டம் என்று பெயர். ஒரே கோளாறுக்கு எத்தனை முறை கொண்டுபோனீர்கள், எத்தனை நாள் வண்டி பட்டறையில் கிடந்தது என்பதை அந்தச் சட்டங்கள் எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை வருவது ஜாப் கார்டிலிருந்து. நீங்கள் எந்த நாட்டில் வழக்குப் போட்டாலும் நீதிபதிக்குக் குலுக்கல் கேட்காது, காகிதம்தான் தெரியும். ஐந்தாவது முறை போங்கள். இந்த முறை பேனாவோடு.

கேள்வி: 60-80 வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது வரிவரியான சாலையில் ஓடுவது போல ஒரு நடுக்கம். கூடுதலாக மிதித்தால் போய்விடுகிறது. டயர் பாலன்ஸ் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது.

பதில்: டயரை விடுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்துவதால் கொஞ்சம் எரிபொருள் வீணாகும். அதைத் தவிர்க்க, சீரான வேகத்துக்கு வந்ததும் உள்ளே ஒரு கிளட்ச் இறுகி இரண்டையும் நேராகப் பூட்டும். அந்தக் கிளட்ச் பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கினால் நீங்கள் சொல்லும் நடுக்கம் வரும். காலியான சாலையில் நடுக்கம் வரும்போது, வேகத்தை மாற்றாமல் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பூட்டு உடனே விடுபடும். நடுக்கமும் அந்தக் கணமே நின்றால் சந்தேகம் சரி.

காரணம் சில சமயம் ஆயிலிலேயே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் வண்டிகளில் இதே நடுக்கம் வந்தபோது, பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றி வேறு வகை ஆயில் நிரப்பும்படி அந்த நிறுவனமே டீலர்களுக்கு அறிவித்தது. ஆகவே "கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடமும், "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பவரிடமும் சமமாகச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: வண்டி அழகாக இருக்கட்டும் என்று பெரிய டயர் போட்டேன். அதிலிருந்து மேட்டில் கியர் ஏறுவதும் இறங்குவதுமாக அல்லாடுகிறது. வாரண்டியில் சரிசெய்ய மறுக்கிறார்கள். நியாயமா?

பதில்: நியாயம்தான். பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான சுற்றுகள் சுற்றும். கம்ப்யூட்டர் சுற்றை எண்ணித்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறது. இன்ஜினுக்கும் சுமை கூடிவிட்டது, மேல் கியரில் தாங்க முடியவில்லை. புது அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுங்கள், அல்லது பழைய டயருக்குத் திரும்புங்கள். அழகுக்குப் போட்டதற்கு வாரண்டியைக் கேட்காதீர்கள்.

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றைச் சொந்த ஜோலிக்காக வாங்கினேன். நாங்கள் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் ஏ.சி. போட்டு வைத்தேன் அம்மா" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்த்தோம், வெண்ணெய் போலப் போனது. மறுநாள் காலை வீட்டில் எடுத்தால் டி-யில் (டிரைவ்) போட்டு மூன்று விநாடி கழித்து, தடார் என்று இழுக்கிறது. என் மேல்தான் தப்பா?

பதில்: இல்லை அம்மா. குளிர்ச்சியாக ஏ.சி. போட்டு வைப்பதை யாராவது சூழ்ச்சி என்று நினைப்பார்களா? இதே வலையில் நானும் விழுந்திருக்கிறேன். எனக்குக் காபி வேறு கொடுத்தார்கள். சூடான கியர்பாக்ஸ் நன்றாகவும் குளிர்ந்த கியர்பாக்ஸ் மோசமாகவும் நடந்துகொள்ளும் கோளாறுகள் நிறைய உண்டு. தேய்ந்த ரப்பர் சீல்களில் அழுத்தம் தங்காது, சூடேறி விரிந்த பிறகு தாங்கும். விற்பவருக்கு அது தெரியும்.

உடனே செய்ய வேண்டியது: காலை முதல் ஸ்டார்ட்டை, கைபேசியில் ஆர்.பி.எம். முள் தெரியும்படி வீடியோ எடுங்கள், மூன்று நாள் தொடர்ந்து. பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய், கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறிப்புகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி ஓடிய தூரம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறைய வண்டிகளில் அந்தக் கணக்கு கிடைக்கும். பல வருடம் ஓடிய வண்டியில், அழித்த பிறகு ஓடியது வெறும் 40 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களிடம் விற்பதற்குச் சற்று முன் யாரோ துடைத்திருக்கிறார்கள். அந்தத் திரையையும் படம் எடுத்துக்கொண்டு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், ஆனால் குரல் பதிவு வேண்டாம். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள், விடாதீர்கள்.

அடுத்து பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு: போனதும் பானட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

பதில்: யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பல நிறுவனங்களுக்கு 8 கியர் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. சுமை ஏற்றும் பிக்கப் என்றால் முன்கூட்டியே மாற்றுங்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ஆயில் பார்க்கும் கம்பியே கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, வண்டியைச் சமதளத்தில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு அளக்க வேண்டும். "பார்த்தாச்சு சார், ஃபுல்லா இருக்கு" என்று ஐந்து நிமிடத்தில் சொல்பவர் பார்க்கவில்லை.

கேள்வி: கியர் மென்மையாக மாற ஆயிலில் கலக்கும் மருந்து பாட்டில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். இரண்டு பாட்டில். ஊற்றியதைக் கழுவி எடுக்கப் பாட்டில் விலையைப் போல பல மடங்கு ஆனது.

கேள்வி: டெஸ்ட் டிரைவ் எடுக்கவில்லை, அந்தக் கறுப்பு நிறம் மிகவும் பிடித்ததால் உடனே புக் செய்துவிட்டேன். இப்போது கியர் மாறுவது பிடிக்கவில்லை. திருப்பித் தர முடியுமா?

பதில்: முடியாது.

கேள்வி: ஃபோர் வீல் போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று எப்போதும் 4ஹெச்-லேயே ஓட்டுகிறேன். திருப்பத்தில் மட்டும் தடதடவென்று இழுக்கிறது. கியர்பாக்ஸா?

பதில்: கியர்பாக்ஸ் இல்லை, நீங்கள். பெரும்பாலான பிக்கப்களில் அந்த நிலையில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். திருப்பத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வேகம் வேண்டும். சேறு, மணல் என்றால் டயர் வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தாரில் எது வழுக்கும்? இன்றே 2ஹெச்-க்கு, அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு, மாற்றுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன எதுவும் இல்லை. நின்று கிளம்பும் நேரத்தில் மட்டும், அடியில் ஒரே ஒரு "டக்". வண்டிக்கு எட்டு மாதம்.

பதில்: அப்பாடா, ஒரு கவனமான வாசகர். கியர்பாக்ஸைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். பின் சக்கரத்துக்குப் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது. நிற்கும்போது பின் அச்சு கொஞ்சம் அசையும், அந்த இணைப்பும் நகரும். உலர்ந்திருந்தால் கிளம்பும்போது சிக்கி விடுபட்டு "டக்" என்னும். முதலில் அங்கே கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். அடங்கவில்லை என்றால் ஷாஃப்டின் நடுவில் தாங்கும் பேரிங்கையும், ஷாஃப்ட் வளைந்து சுழல உதவும் யுனிவர்சல் ஜாயின்ட்களையும் கையால் ஆட்டிப் பார்க்கட்டும். எட்டு மாதம்தானே ஆகிறது, காசு கொடுக்காதீர்கள். ஜாப் கார்டில் "கிளம்பும்போது டக் சத்தம்" என்றே எழுதச் சொல்லுங்கள்.