ரேடாருக்கு வழிவிடும் ரவுட்டர்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலிலிருந்து தப்பிக்க எங்கள் ரவுட்டரை 100ஆம் சேனலுக்கு மாற்றினேன். மாற்றும்போதெல்லாம் ஒரு நிமிடம் இணைப்பு வருவதில்லை. சில நாள்களில் தானாகவே வேறு சேனலுக்குத் தாவிவிடுகிறது. ரவுட்டரில் கோளாறா?

பதில்: கோளாறில்லை, சட்டப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. 5250 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் (உங்கள் 100ஆம் சேனல் இரண்டாவதில் இருக்கிறது) வைஃபைக்கு முன்பிருந்தே ராணுவ, வானிலை ரேடார்கள் இயங்கிவருகின்றன. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு, அவற்றுக்கு இடையூறு நேரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வைஃபையை உள்ளே விட்டது.

நீங்கள் காத்திருக்கும் அந்த 60 வினாடியும் ரவுட்டர் எதையும் ஒலிபரப்பாமல், ரேடார் துடிப்பு கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் வைக்கும் சோதனைகளில் ஒன்றில், ஒரு மைக்ரோவினாடி மட்டுமே நீடிக்கும் 18 துடிப்புகள் 1,428 மைக்ரோவினாடிக்கு ஒன்றாக அனுப்பப்படும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தத் தொடரை ரவுட்டர் இனங்காண வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போது இத்தகைய துடிப்பைக் கேட்டால் 10 வினாடிக்குள் சேனலைக் காலிசெய்துவிட்டு, 30 நிமிடம் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது. ரேடாரே இல்லாதபோதும் வேறொரு இரைச்சலை ரேடார் என்று எண்ணித் தாவுவதுண்டு. அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: எந்த நாட்டு விதிப்படி இயங்க வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றினால் இந்தக் காத்திருப்பே இராது என்கிறார்களே? ஒரு சிறு பெட்டி ரேடாரை என்ன செய்துவிடும்?

பதில்: செய்ததற்குச் சான்று போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானில் இருக்கிறது. அமெரிக்க விமான நிலையங்கள் பலவற்றின் அருகே, 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் டாப்ளர் வானிலை ரேடார்கள் உள்ளன. விமானம் இறங்கும் வேளையில் அதைத் தரையை நோக்கி அழுத்திவிடும் திடீர்க் காற்றைக் கண்டறிவதே அவற்றின் வேலை. 1985இல் டல்லஸில் 137 பேரைப் பலிகொண்ட விபத்துக்குக் காரணம் அப்படிப்பட்ட காற்றுதான். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியை நம்பியிருக்கும் இந்த ரேடார்களில் 2009 வாக்கில் குறுக்கீடு தென்பட்டது. திரையில் மழைக்குப் பதிலாக, நடுவிலிருந்து ஒரே திசையில் நீளும் கோடுகள் தெரிந்தன. அந்தத் திசையிலேயே தேடிப்போனபோது அகப்பட்டவை பெரும்பாலும் இணைய நிறுவனங்கள் உயரமான இடங்களில், திறந்தவெளியில் பொருத்தியிருந்த கருவிகள். சிலவற்றில் ரேடாரைக் கண்டறியும் வசதியே அணைக்கப்பட்டிருந்தது. 2014இல் ஆணையம் விதிகளைத் திருத்தியபோது, பயனர் மென்பொருளை மாற்றி இதை முடக்க முடியாதபடி தயாரிப்பாளரே பாதுகாக்க வேண்டும் என்றது. உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் அத்தனை தொலைவு எட்டாது என்றாலும், குறியீட்டை மாற்றுவது விதிமீறலே, மாற்றாதீர்கள்.

கேள்வி: கேட்டு ஒதுங்கும் இந்த முறையை எல்லா அலைவரிசைகளிலும் வைத்துவிடலாமே?

பதில்: ரேடார் உரக்க ஒலிப்பதால்தான் இது பலிக்கிறது. புதிய வைஃபை பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணலைத் தொடர்புகளில், பாதிக்கப்படுவது ஏற்கும் முனையின் ஆன்டெனா. அது ஓசையின்றி வாங்கிக்கொண்டிருப்பதால், பக்கத்தில் இருக்கும் கருவிக்கு அதன் இருப்பே தெரியாது. ஆகவே அமெரிக்காவில் அங்கே அதிக ஆற்றலில் இயங்க விரும்பும் கருவி, தான் இருக்கும் இடத்தைத் தெரிவித்து, உரிமம் பெற்ற இணைப்புகளின் பட்டியலைக் கொண்டு கணக்கிடும் ஒரு தானியங்கி அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். இத்தகைய அமைப்புகள் 2024இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தன. குறைந்த ஆற்றலில் வீட்டுக்குள் இயங்கும் ரவுட்டருக்கு, சுவர்களே அலையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், இந்த அனுமதி தேவையில்லை; ஆனால் அது மின்கலத்தில் ஓடக் கூடாது, மழைவெயில் தாங்கும் உறையிலும் வரக் கூடாது.