கேம்ப்ல மாறிப்போன தட்டு: வாசகர் கேள்வி பதில்

1989ல காலேஜ் படிக்கும்போது என்சிசி கேம்ப் போனேன். பத்து நாள் ஒரே ஹால்ல பாய் விரிச்சு பக்கத்து பக்கத்துல படுத்த பொண்ணுங்க, ஒருத்தி பேர் கூட முழுசா ஞாபகம் இல்ல. ஆனா முகம் அப்படியே இருக்கு. இதையெல்லாம் நட்புன்னு சொல்லலாமா?
(வாசகி, கும்பகோணம்)

தாராளமா சொல்லலாம். பேர் ஞாபகம் இல்லாததுக்கு உங்க மறதி காரணமில்லீங்க, அங்க யாரும் யாரையும் பேர் சொல்லி கூப்பிட்டதே இல்லையே. "ஏ காரைக்குடி", "டேய் நாகர்கோவில்", ஊரும் காலேஜும்தான் பேரு. நான் போனது 1993 மே மாசம். என்சிசில 'பி' சர்டிஃபிகேட் பரீட்சை எழுதணும்னா ஒரு கேம்ப் முடிச்சிருக்கணும், 'சி'க்கு ரெண்டு, அதனாலதான் பாதி பேர் வந்திருந்தோம், தேசபக்தியெல்லாம் அப்புறம்தான். என் பக்கத்து பாய்ல ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன். அரை பக்கெட் தண்ணில குளிச்சிட்டு மிச்ச அரை பக்கெட்ல பனியன அலசி காயப்போட்டுருவான், நாங்க வாயப் பொளந்து பார்த்துட்டு நிப்போம். காலைல நாலரைக்கு பைப்படில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி என் கால்ல ஒரு தட்டு தட்டி எழுப்பி விடுவான், பேச்சே கிடையாது. டிரில் கமாண்ட் எல்லாம் ஹிந்தி, எனக்கு 'சாவ்தான்' (அட்டென்ஷன்), 'விஷ்ராம்' (ஸ்டாண்ட் அட் ஈஸ்) தாண்டி எதுவும் ஏறல, எல்லாரும் ஒரு பக்கம் திரும்பினா நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி ஹவில்தார்கிட்ட மாட்டி தினமும் மொத்த கிரவுண்டும் ஓடுவேன். மூணாவது நாள் ராத்திரி அவன்தான் சொல்லிக் குடுத்தான், "தாஹினேன்னா சோத்தாங்கை, பாயேன்னா பீச்சாங்கை, அவ்ளோதான்டா." இன்னிக்கும் டிவில குடியரசு தின அணிவகுப்பு போட்டா என் சோத்தாங்கை தானா அசையுது. அவன் பேரு எனக்கும் தெரியாது.

கோடை முகாம்னு ஒண்ணு முதல்ல எங்க ஆரம்பிச்சது?
(வாசகர், ஈரோடு)

அமெரிக்கால, கனெக்டிகட் மாநிலத்துல, 1861ல. ஃபிரெடரிக் கன்னுன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அப்போ அங்க உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச நேரம், பசங்களுக்கும் சிப்பாய் மாதிரி கூடாரத்துல படுக்கணும்னு ஆசை. வாத்தியாரும் சரின்னு சுமார் 40 மைல் நடக்க வச்சு கடற்கரைக்கு கூட்டிட்டு போயி ரெண்டு வாரம் தங்க வச்சிருக்காரு. இங்கிலாந்துல பேடன் பவல் 1907ல பிரவுன்சீ தீவுல 20 பசங்கள வச்சு நடத்தினதுதான் சாரணர் இயக்கத்துக்கு முதல் முகாம்னு சொல்வாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், பெரிய இடத்து பசங்களையும் தொழிலாளி வீட்டு பசங்களையும் கலந்து ஒரே கூடாரத்துல போட்டதுதான். நம்ம என்சிசி 1948ல வந்தது.

பத்தாவது படிக்கிற பொண்ண கேம்புக்கு கேக்குறாங்க. போன வாங்கி வச்சுக்குவாங்களாம். அனுப்பலாமா?
(ஒரு அம்மா, திண்டுக்கல்)

அனுப்புங்க. துணி காயப்போட நைலான் கயிறு, பெட்டிக்கு நல்ல பூட்டு, கால் கொப்புளத்துக்கு தேங்காய் எண்ணெய். முறுக்கு கொஞ்சம் நிறையவே குடுத்து விடுங்க, முதல் நாளே தீர்ந்துரும்.

என்எஸ்எஸ் கேம்ப் ஃப்ரெண்ட்ஸ் 31 பேர தேடிப் பிடிச்சு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் ஆஹா ஓஹோ, இப்போ வெறும் குட்மார்னிங் படம்தான். மனசு விட்டுப் போச்சு.
(வாசகர், மதுரை)

பின்ன என்ன சார் பேசுவாங்க? அந்த கேம்ப் முழுக்க நீங்க உக்காந்து பேசினவங்க இல்லையே, மண்வெட்டியும் கூடையுமா கைமாத்தி மண்ணு சுமந்தவங்க. குரூப்ல பேரக்குழந்தை போட்டோ போட்டா அது வேற ஆளுங்க மாதிரிதான் தெரியும். நான் சொல்றத ஒரு தடவ செஞ்சு பாருங்க, எந்த கிராமத்துல கேம்ப் போட்டீங்களோ அங்கேயே எல்லாரும் ஒரு ஞாயித்துக்கிழமை போங்க. நீங்க தூர் வாரின வாய்க்கால் இருக்கா, இல்ல பிளாட் ஆயிடுச்சான்னு பாருங்க, படுத்திருந்த ஸ்கூல் திண்ணைல உக்காந்து பொட்டலம் பிரிச்சு சாப்பிடுங்க. அஞ்சு பேர் வந்தா போதும். மண்டபம் புடிச்சு பேனர் மட்டும் வச்சுடாதீங்க, அது இன்னொரு கல்யாணம் மாதிரி ஆயிரும்.

கேம்ப் ஞாபகமா உங்ககிட்ட எதாவது பொருள் இருக்கா?
(வாசகி, தூத்துக்குடி)

ஒரு சில்வர் தட்டு இருக்கு. என்னுது இல்ல. கடைசி நாள் ராத்திரி படா கானா, அதாவது பெரிய விருந்து, பத்து நாளா தண்ணி சாம்பார் ஊத்தினவங்க அன்னிக்கு கேசரியும் அப்பளமும் போட்டாங்க, சாப்பிட்டு முடிச்சு ஐநூறு பேரும் ஒரே தொட்டில தட்டு கழுவ முண்டியடிச்சோம், கரண்ட் வேற போயிடுச்சு. வீட்டுக்கு வந்து பையப் பிரிச்சா அம்மா கேட்டாங்க, "யார் வீட்டுத் தட்டுடா இது?" பின்பக்கம் பாத்திரக்கடைல வெட்டுவாங்களே புள்ளி புள்ளியா, அந்த எழுத்துல 'மா.ப. 6.9.78'. யாரோ ஒருத்தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சீராத்தான் இருக்கணும். அம்மா ரொம்ப நாள் அதுல யாருக்கும் சோறு போடல, அடுத்தவங்க சீர்ப் பொருள்னு தனியா எடுத்து வச்சிருந்தாங்க. அப்புறம் என் பொண்ணு தவழ ஆரம்பிச்சதும் அதைத்தான் தட்டி விளையாடினா, இப்போ எங்க வீட்டுல தோசை மாவு பானைக்கு அதுதான் மூடி.

உங்க யாரோடதாவதுன்னா எழுதுங்க. என் தட்டு உங்ககிட்டதான் இருக்கணும், பாட்டி பேரு 'ரெ.அ.'ன்னு வெட்டியிருக்கும், விளிம்புல ஒரு இடம் நெளிஞ்சிருக்கும்.