ஆறே மாதத்தில் மறுபடி ஃபேன் மோட்டாரா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் ஓட்டினால் தானே இறங்கிவிடுகிறது. நிற்கும்போது ஏசியும் குளிர்வதில்லை. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. மறுபடி மோட்டார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடட்டுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் ஃபேன் ஓடாததன் அடையாளம்தான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஆனால் ஃபேன் ஓடாததற்கு மோட்டார் மட்டுமே காரணமில்லை.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் கம்ப்ரசரோடு ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அடுத்து ஃபேன் ரிலேவை (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) கழற்றிவிட்டு, அதே நம்பர் போட்ட வேறொரு ரிலேவைச் செருகிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜினை அணைத்து, மோட்டார் கனெக்டரைப் பிரித்து, 30 ஆம்ப் ஃபியூஸ் போட்ட ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். கையும் சட்டை நுனியும் எட்டவே இருக்கட்டும். நன்றாகச் சுற்றினால் மோட்டாரில் பழுதில்லை. தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்து முடிந்துவிட்டது.

பிரித்த கனெக்டரை வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா? பின் கறுத்திருக்கிறதா? உங்கள் தொல்லையின் வேர் அநேகமாக அங்கேதான். புஷ் (தண்டு சுழலும் வளையம்) இறுகிய பழைய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். அந்தச் சூட்டில் பின்னின் பிடி தளரும். தளர்ந்த பின்னில் புது மோட்டாரைச் செருகினால் மறுபடி சூடு, மறுபடி கருகல். கருகிய கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரோடு வரும் புதியதை சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டு மூடச் சொல்லுங்கள். வெறும் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை விட்டுவிடும்.

மோட்டாரே போயிருந்தால், இன்ஜின் நன்றாக ஆறியபின் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். பல கார்களில் ஃபேன் கூட்டை மேலே இரண்டு 10 எம்எம் போல்ட்தான் பிடித்திருக்கும். கீழ்ப்பக்கம் காடியில் உட்கார்ந்திருக்கும். தூக்கும் முன் ரேடியேட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகுங்கள், மெல்லிய ஃபின்கள் மடங்காது. சில மாடல்களில் பிளேடு நட்டுக்கு இடது மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். வராத பக்கம் பலத்தைக் காட்டி உடைத்துவிடாதீர்கள்.

வெளிச்சந்தை மோட்டார்களில் ஒயர் நிறம் மாறியிருக்கலாம். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, வரும் காற்றையே எதிர்த்துத் தள்ளும். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுபட்டு ஒட்டினால் சரி. பிறகு ஏசியை அணைத்து ஐடிலில் விடுங்கள். ஃபேன் இரண்டு முறையாவது தானாக ஓடி நிற்கும்வரை அங்கேயே இருங்கள்.

கேள்வி: ஃபேனை டேஷ்போர்டு ஸ்விட்சில் நேரடியாக ஓட்டலாமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். ரிலே இல்லாமல் அத்தனை ஆம்பியரைச் சின்ன ஸ்விட்ச் தாங்காது, உருகும். ஒரு நாள் போட மறந்தாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) போகலாம். வழியில் ஃபேன் நின்று முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வைத்து ஓரங்கட்டுங்கள். முள் அப்போதும் இறங்காவிட்டால் இன்ஜினை அணையுங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.