ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோடிங்: வீட்டிலேயே தொடங்கலாமா?

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி ஓயாமல் போன் வருகிறது. கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் இருவருக்கும் நிரல் எழுதத் தெரியாது. பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. இந்த வயதில் இது தேவைதானா? நாங்களே தொடங்கிவைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இந்த வயதில் கோடிங்கின் பயன் வேலைவாய்ப்போ ஆப் தயாரிப்போ அல்ல. தன் பிழையைத் தானே தேடிக் காரணத்தோடு திருத்தப் பழகுவதுதான். அதற்குக் கட்டண வகுப்பு தேவையில்லை.

கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கியே நிரல் எழுதும் மென்பொருள் ஸ்கிராட்ச்; அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உருவானது, இலவசம். விண்டோஸ் 10 உள்ள லேப்டாப்பில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் கணக்கும் இல்லாமலே இயங்கும். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் போதும்.

முதல் வேலை, சதுரம் வரைவது. கோடு வரைய உதவும் ‘பென்’ நீட்சியைச் சேர்த்து, திரையில் நிற்கும் பூனையின் அளவை 30 ஆக்குங்கள். இல்லாவிட்டால் கோட்டை அதுவே மறைக்கும். பேனாவை இறக்கி, நான்கு முறை திரும்பச் செய்யும் ‘ரிப்பீட் 4’ கட்டத்துக்குள் 100 ஸ்டெப் நகர்வும் 90 பாகைத் திருப்பமும் வைத்தால் சதுரம் வந்துவிடும். அடுத்து சமபக்க முக்கோணம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 60 பாகை என்றே போடுவார்கள். உருவம் மூடாது, அறுகோணத்தின் பாதிதான் வரும். பூனை திரும்புவது உட்கோணத்தால் அல்ல, வெளிக்கோணத்தால். போட வேண்டியது 120. இதை உடனே சொல்லிவிடாதீர்கள். தரையில் அவளையே முக்கோணமாக நடந்து, மூலையில் எவ்வளவு திரும்புகிறாள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி இது. பக்கங்களும் கோணங்களும் சமமான உருவத்துக்கு, எத்தனை பக்கமானாலும், 360ஐப் பக்க எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தால், பாடப்புத்தகத்தின் வடிவியலும் சேர்ந்தே பிடிபடும்.

பிறகு, விழும் ஆப்பிளைக் கூடையில் பிடிக்கும் விளையாட்டு. இதில் மூன்று சிக்கல்கள் அநேகமாக வரும். கூடையில் பட்டும் மதிப்பெண் ஏறாவிட்டால், பட்டதா என்று சோதிக்கும் ‘இஃப்’ கட்டம், உள்ளிருப்பதை ஓயாமல் திரும்பச் செய்யும் ‘ஃபாரெவர்’ கட்டத்துக்கு வெளியே இருக்கும்; தொடக்கத்தில் ஒரே ஒருமுறை சோதித்துவிட்டு நின்றுவிடும். ஒரு பழத்துக்கே பத்து இருபது என்று ஏறினால், ‘ஃபாரெவர்’ சுற்று நொடிக்குச் சுமார் 30 முறை ஓடுவதும், பட்டுக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு முறையும் கூட்டுவதும் காரணம். கூட்டிய உடனே பழத்தை மேலே அனுப்பிவிட்டால் சரியாகும். புது ஆட்டத்திலும் பழைய மதிப்பெண் தொடர்ந்தால், தொடக்கத்தில் அதைப் பூஜ்யமாக்க மறந்திருக்கிறாள்.

இவற்றைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. “என்ன நடக்கணும்னு நினைச்சே? இப்போ என்ன நடக்குது? எந்த இடத்துல மாறுது?” என்று கேளுங்கள். அவள் கையிலிருந்து மவுஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வீடியோவைப் பார்த்து அப்படியே அடுக்குவதும் வேண்டாம். விளையாட்டு ஓடும், ஆனால் பழத்தின் வேகத்தை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடும்.

வெற்றுத் திரையில் தொடங்கி ஒரு சிறு விளையாட்டைத் தானாகவே முடிக்கிறாள் என்றால், கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுதும் பைத்தான் மொழிக்கு மாற்றலாம். தானி (Thonny) என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பைத்தானும் உடன் வரும். அதே சதுரத்தை, பைத்தானில் கோடு வரைய உதவும் டர்ட்டில் கொண்டு வரையட்டும். முதல் வாரத்துப் பிழைகளில் பெரும்பகுதி இரண்டுதான்: ‘ஃபார்’, ‘இஃப்’ போன்ற வரிகளின் முடிவில் முக்காற்புள்ளி (:) விடுபடுவது, அவற்றின் உள்ளே வரும் வரிகளின் தொடக்கத்தில் விடும் இடைவெளி (உள்தள்ளல்) ஒரே அளவில் இல்லாதது. பிழைச்செய்தி காட்டும் வரியில் கோளாறு தெரியாவிட்டால், அதற்கு மேல் வரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.